நிர்வாகவியல் மாணவரும் தொழில் நிறுவனங்களும்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகப் பகுதியில் மூன்று கல்வி நிலையங்கள் நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. ஒன்று ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி. மற்றொன்று முதுகலை நிலையில் வணிக நிர்வாகம் கற்பிக்கும் நிர்வாகவியல் புலம். மூன்றாவது, வேலை பார்த்துக்கொண்டும் வீட்டிலிருந்தும் படிக்கும் மாணவர்களுக்கான திறந்தநிலைக் கல்விப் பள்ளி. முதல் இரண்டின் வாயிலுக்கு ஆண்டுதோறும் நாட்டின் முன்னணி நிறுவனங்கள் ஆள் தேடி வருகின்றன. மூன்றாவதில் வணிகவியல் பயில்வோர் தொகை மற்ற இரண்டையும்விடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் அங்கு அந்த அளவில் நிறுவனங்கள் வருவதில்லை.

இந்த மூன்று வாயில்களுக்கிடையே உள்ள வேறுபாடு தில்லிக்கு மட்டும் உரியதன்று. நாடெங்கிலும் நிர்வாகவியல் கல்விக்கும் தொழில் துறைக்கும் உள்ள உறவு, பெரும்பாலும் சில கல்வி நிலையங்களில் சில நாட்கள் நடைபெறும் ஆட்தேர்வாகச் சுருங்கிவிட்டது. நிறுவனத்திற்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்ற குறையும், பட்டதாரிக்குத் தக்க வேலை கிடைக்கவில்லை என்ற குறையும் ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் ஒலிக்கின்றன. வேலை அளிப்போர் மாணவர்களோடும் புதிய பட்டதாரிகளோடும் எவ்வாறு தொடர்பு கொண்டால் இவ்விரு குறைகளும் குறையும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிலதிபர் அமைத்த கல்லூரி

இன்று நிறுவனங்கள் கல்லூரிக்கு வருவது பெரும்பாலும் ஆள் எடுப்பதற்காகவே. தொடக்கத்தில் நிலைமை இவ்வாறில்லை. தில்லி துணி ஆலையை வளர்த்த லாலா ஸ்ரீராம், கணக்கும் வணிகமும் அறிந்த இளைஞர்கள் தேவை என்பதை உணர்ந்தவர். அவரது முயற்சியால் தரியாகஞ்சில் ஒரு வணிகப் பள்ளி தோன்றி, 1926இல் கல்லூரியாக வளர்ந்தது. பின்னர் அது அவர் பெயரையே பெற்று வடக்கு வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. இங்கு வேலை அளிப்பவரே கல்வியையும் அளித்தார்.

விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் பெரும் ஆலைகளையும் பொதுத்துறை நிறுவனங்களையும் தோற்றுவித்தபோது, அவற்றை நடத்தும் நிர்வாகிகளுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. 1954இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் புலம் உருவாயிற்று. பணியில் இருப்போருக்கான மாலை வகுப்புகளும் அங்கு இடம் பெற்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜார்ஜ் ராபின்ஸ் 1959இல் அளித்த பரிந்துரையை அடுத்து, 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய நிர்வாகவியல் கழகங்கள் தொடங்கப்பட்டன. அகமதாபாத் கழகத்தின் தோற்றத்தில் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளூர்த் தொழிலதிபர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் பங்கு கொண்டனர். விக்ரம் சாராபாயும் கஸ்தூரிபாய் லால்பாயும் அதற்கு ஆற்றிய பணி நன்கு அறியப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய உறவுக்குச் சான்றுகள் உண்டு. கோவையில் 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், பட்டறையும் பயிற்சியும் ஒன்றாக இயங்கும் முறையைக் கைக்கொண்டது. 1984இல் பாரதிதாசன் நிர்வாகவியல் நிறுவனம் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, பாரத மிகுமின் நிறுவனத்தின் வளாகத்திலேயே அதற்கு இடம் அமைந்தது.

இந்த வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. நிர்வாகவியல் கல்வி வளர்ந்த இடங்களில் எல்லாம் தொழில் துறை அதன் பங்காளியாக இருந்தது. இன்றோ, ஆக்கிய பொருளை விலைக்கு வாங்க வருபவரைப் போல அது வருகிறது. பொருள் சரியில்லை என்று குறை கூறுவது வாங்குபவருக்கு எளிது. பங்காளிக்கு அவ்வாறு கூறி ஒதுங்க இயலாது.

வளாகத் தேர்வின் இயல்பு

இரண்டாண்டு நிர்வாகவியல் படிப்பில் மாணவர் இரு முறை தேர்வு செய்யப்படுகின்றனர். முதலாண்டு முடிவில், ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஜூன் வரை, எட்டு முதல் பத்து வாரங்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி பெறுகின்றனர். அதற்கான ஆட்தேர்வு முன்னணிக் கல்வி நிலையங்களில் முதலாண்டின் இடையிலேயே நடந்துவிடுகிறது. அப்போது மாணவர் படித்திருப்பது நான்கைந்து மாதப் பாடமே. இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில் இறுதித் தேர்வு நடைபெறுகிறது. கோடைப் பயிற்சியில் நன்கு பணியாற்றியவருக்கு முன்கூட்டியே வேலை உறுதி செய்யும் வழக்கமும் உண்டு.

இம்முறையால் பயன் உண்டு. குறைந்த செலவில், குறைந்த காலத்தில், பல மாணவரை ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனத்திற்கு வாய்ப்புக் கிட்டுகிறது. ஆனால் அரைமணி நேரப் பேச்சில் ஒருவரின் ஆங்கிலச் சரளமும் தன்னம்பிக்கையும் வெளிப்படும் அளவுக்கு, அவரது பொறுமையும் நேர்மையும் கற்கும் ஆர்வமும் வெளிப்படுவதில்லை. சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்து படிக்கும் மாணவர் பின்தங்குவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான்.

மற்றொரு குறை, வாக்கு மாறுதல். ஒரு நிறுவனத்தின் வேலையை ஏற்றுக்கொண்ட மாணவர் அதன் பின் வேறு தேர்வுகளில் கலந்துகொள்ளக் கூடாது என்பது பல கல்வி நிலையங்களின் விதி. ஆகவே நிறுவனம் பின்னர் மனம் மாறினால், அம்மாணவருக்கு வேறு கதவுகள் அடைபட்டிருக்கும். 2016இல் ஒரு பெரிய மின்வணிக நிறுவனம் தான் தேர்ந்தெடுத்த நிர்வாகவியல் பட்டதாரிகளின் சேர்க்கை நாளை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிவைத்தபோது, நாடு முழுவதும் இது குறித்து விவாதம் எழுந்தது. கல்விக் கடன் பெற்றுப் படித்தவருக்கு ஆறு மாதம் என்பது சிறிய காலம் அன்று.

சம்பளம் பற்றிய செய்திகளும் மயக்கம் தருவனவே. ஒரு மாணவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த தொகை நாளேடுகளில் இடம்பெறுகிறது. நடுநிலையில் உள்ளவருக்குக் கிடைத்தது என்ன என்பது பலருக்குத் தெரிவதில்லை. இக்குறையை நீக்கவே வேலைவாய்ப்பு அறிக்கைக்கான பொதுநெறி ஒன்றை அகமதாபாத் கழகம் வகுத்தது. சராசரி, இடைநிலை அளவு, நிரந்தரச் சம்பளம், ஊக்கத்தொகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டித் தணிக்கை செய்து வெளியிடுவது அதன் நோக்கம். நிறுவனங்களும் தாம் அளிக்கும் தொகையில் மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்பதை முதலிலேயே தெளிவாகக் கூறினால், பின்னால் எழும் மனக்கசப்பு பெருமளவு குறையும்.

நல்ல பயிற்சியின் இலக்கணம்

தேர்வு நாளைவிட நம்பத் தகுந்தது பயிற்சிக் காலம். எட்டு வாரம் உடன் பணியாற்றியவரைப் பற்றி நிறுவனம் அறிந்துகொள்வதையும், நிறுவனத்தைப் பற்றி அவர் அறிந்துகொள்வதையும் எந்த நேர்முகத் தேர்வாலும் தர இயலாது. ஆனால் பல இடங்களில் இப்பயிற்சி வெறும் சடங்காகிவிடுகிறது. பழைய கோப்புகளைக் கணினியில் பதிவு செய்வதும், எவரும் படிக்காத அறிக்கை ஒன்றை எழுதிச் சான்றிதழ் பெறுவதும் பயிற்சி ஆகமாட்டா.

நல்ல பயிற்சிக்கு ஐந்து கூறுகள் தேவை. முதலாவது, நிறுவனம் உண்மையில் விடை காண விரும்பும் ஒரு வினா. இரண்டாவது, வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய வழிகாட்டி. மூன்றாவது, தேவையான கணக்குகளையும் மனிதர்களையும் அணுகும் உரிமை. நான்காவது, உழைப்புக்கு ஏற்ற உதவித்தொகை. ஐந்தாவது, இறுதியில் அறிக்கையைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர். இவற்றுள் ஐந்தாவதே பெரும்பாலும் விடுபடுகிறது.

உதவித்தொகை பற்றி ஒரு சொல். ஊதியமில்லாப் பயிற்சியை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே ஏற்க முடியும். தில்லியில் அறை வாடகையும் மெட்ரோ கட்டணமும் செலுத்த வேண்டிய வெளியூர் மாணவர் அதை விட்டுவிட நேர்கிறது. எனவே பணம் கொடாமல் பயிற்சி அளிக்கும் நிறுவனம், தான் அறியாமலேயே தேர்வுக்களத்தைச் சுருக்கிக்கொள்கிறது.

சிறு தொழிற்கூடத்திற்கு ஒரு கணக்கு

நிர்வாகவியல் மாணவர் பெரிய நிறுவனங்களுக்கே உரியவர் என்ற எண்ணம் சிறு தொழில் முனைவோரிடம் ஆழப் பதிந்துள்ளது. தில்லியில் ஓக்லா, நாராயணா, வசீர்பூர், பவானா போன்ற தொழிற்பேட்டைகளில் இயங்கும் சிறு கூடங்கள் பலவற்றில் உரிமையாளரே கொள்முதல், விற்பனை, கணக்கு அனைத்தையும் கவனிக்கிறார். அங்கு ஒரு மாணவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம்.

உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கூடம் மாதம் 6 இலட்சம் ரூபாய்க்குக் கடனுக்கு விற்கிறது எனக் கொள்வோம். பணம் வந்து சேரச் சராசரியாக 90 நாட்கள் ஆகின்றன. அப்படியானால் எந்த நேரத்திலும் 18 இலட்சம் ரூபாய் வெளியில் நிற்கிறது. இதனை 60 நாட்களாகக் குறைத்தால் வெளியில் நிற்பது 12 இலட்சம் ஆகிறது. 6 இலட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி எனில், மிச்சமாகும் வட்டி ஆண்டுக்கு 72,000 ரூபாய். ஒரு மாணவருக்கு மாதம் 12,000 வீதம் இரண்டு மாதங்களுக்குக் கொடுத்தாலும் செலவு 24,000 ரூபாயே.

இதற்கு அந்த மாணவர் செய்ய வேண்டியது கடினமான ஆய்வு அன்று. வரவேண்டிய பாக்கிகளை 30 நாள், 60 நாள், 90 நாள் எனப் பிரித்து அட்டவணை இட வேண்டும். ஒவ்வொரு தாமதத்திற்கும் காரணம் காண வேண்டும். பில் தாமதமாக அனுப்பப்பட்டதா? அதில் கொள்முதல் ஆணை எண் விடுபட்டதா? சரக்கில் குறை என்று வாங்கியவர் எழுதிய கடிதத்திற்குப் பதில் போகவில்லையா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தால் தாமதத்தில் ஒரு பகுதி தானே நீங்கும்.

எஞ்சிய பகுதிக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் செலுத்த வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இச்சட்டம் இருப்பதை அறிந்தும், அதன்படி கேட்கத் தயங்கும் முனைவோர் பலர். பெரிய வாடிக்கையாளரை இழக்க நேருமோ என்ற அச்சமே காரணம். எவரிடம் எப்போது எந்த முறையில் கேட்பது என்பதே நிர்வாகம். அதை வகுப்பில் கற்பதைவிட இத்தகைய கூடத்தில் கற்பதே சிறந்தது.

சிறு நிறுவனம் தனித்துச் செயல்படத் தயங்கினால், ஒரு தொழிற்பேட்டையின் சங்கம் ஐந்தாறு உறுப்பினர்களின் வினாக்களைத் திரட்டி ஒரு கல்லூரிக்கு அனுப்பலாம். வழிகாட்டும் பொறுப்பை ஓர் ஆசிரியரும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கிராமம் கற்பித்த பாடம்

நிறுவனம் பட்டதாரியைச் சேர்த்துக்கொண்ட பிறகும் அவரைப் பயிற்றுவிக்கும் கடமை முடிந்துவிடுவதில்லை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தில்லியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், உத்தரப் பிரதேசத்தின் எட்டா மாவட்டத்தில் கிடைக்கிறது. அங்கு இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1960களில் ஒரு பால் பண்ணைத் தொழிற்சாலையை நடத்தியது. போதிய பால் கிடைக்காததால் தொழிற்சாலை நட்டத்தில் இயங்கியது. பால் குறைவுக்குக் காரணம் கால்நடைகளின் நிலை. அதற்குக் காரணம் தீவனமும் நிலமும் கடனும் இன்மை. ஆகவே 1976இல் அந்நிறுவனம் எட்டாவில் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. புதிதாகச் சேர்ந்த நிர்வாகப் பயிற்சியாளர்கள் சில வாரங்கள் அக்கிராமங்களில் குடும்பங்களோடு தங்கிப் பணியாற்ற வேண்டும் என்பதும் அதன் ஒரு கூறு ஆயிற்று.

நகரத்தில் வளர்ந்த பட்டதாரி, தாம் விற்கப்போகும் சோப்பை வாங்கும் குடும்பத்தின் வருவாய் எவ்வாறு வருகிறது, எப்போது வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதை நேரில் கண்டார். நட்டம் என்ற ஒரு வரியின் பின்னே ஒரு மாவட்டத்தின் வாழ்வு இருப்பதை உணர்ந்தார். நிறுவனம் இதை அறப்பணியாக மட்டும் கருதவில்லை. தன் நிர்வாகிகளின் பயிற்சியாகவே கருதியது. அதனால்தான் அது தொடர்ந்தது.

குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979இல் தோன்றிய கிராம நிர்வாகவியல் நிறுவனம் இவ்வழியில் மேலும் ஒரு படி சென்றது. தேசியப் பால்பண்ணை வளர்ச்சி வாரியத்தின் தலைவர் வர்கீஸ் குரியன் அதை நிறுவியதற்குக் காரணம் வெளிப்படையானது. பால் கூட்டுறவுகளுக்குத் தேர்ந்த நிர்வாகிகள் தேவைப்பட்டனர். ஏனைய கல்வி நிலையங்களில் பயின்றோர் நகர நிறுவனங்களையே நாடினர். எனவே வேலை அளிக்கும் அமைப்பே கல்வி நிலையத்தை அமைத்தது. கிராமத்தில் தங்கிக் கற்பதைப் பாடத்திட்டத்தின் இன்றியமையாப் பகுதி ஆக்கியது. 2025இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இந்நிறுவனம் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. லாலா ஸ்ரீராம் தரியாகஞ்சில் கைக்கொண்ட வழிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கருதத்தக்கது.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

பயிற்சி அளிக்க விரும்பும் நிறுவனத்திற்குச் சட்டம் பல வழிகளைத் திறந்துள்ளது. அவற்றை அறியாமையால் பயன்படுத்தாதோர் பலர்.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் கைத்தொழிற் பிரிவுகளுக்கே உரியதாய் இருந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் அதன் வரம்பிற்குள் வந்தனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் தந்தது. இதனால் பி.காம்., பி.பி.ஏ. படித்தவரையும் ஒரு நிறுவனம் பழகுநராக ஏற்கலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள் தம் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநரை ஏற்பது கட்டாயம். அதற்குக் கீழ், 4 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. பட்டதாரிப் பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை அவ்விதிகள் மாதம் 9,000 ரூபாய் என நிர்ணயித்தன. கல்வி அமைச்சகத்தின் பழகுநர் திட்டத்தின் கீழ் இக்குறைந்தபட்சத் தொகையில் ஒரு பாதியை மத்திய அரசு ஏற்பது வழக்கம். தில்லி உள்ளிட்ட வட பகுதிக்குக் கான்பூரிலும், தென் பகுதிக்குச் சென்னையிலும் இதற்கான பழகுநர் பயிற்சி வாரியங்கள் இயங்குகின்றன.

பட்டப்படிப்பினுள்ளேயே பயிற்சிக்கு இடம் தரும் ஏற்பாடும் வந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைவு, கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4 வரை மதிப்பலகு அளிக்கிறது. அதே ஆண்டில் அக்குழு வகுத்த மற்றொரு நெறி, தொழில் அனுபவம் மிக்கோரை நடைமுறைப் பேராசிரியராக நியமிக்க வழி செய்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இவ்வாறு அமையலாம்.

பிரதமரின் பயிற்சித் திட்டம் 2024 அக்டோபரில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. முதல் 500 பெரும் நிறுவனங்களில் 21 முதல் 24 வயது வரையிலான இளைஞர்க்கு ஓராண்டுப் பயிற்சி அளிப்பது இதன் நோக்கம். தொடங்கியபோது மாத உதவித்தொகை 5,000 ரூபாய். அதில் 4,500 ரூபாய் அரசினுடையது, 500 ரூபாய் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருவது. எம்.பி.ஏ. முடித்தவர்களும், ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. போன்றவற்றில் பட்டம் பெற்றோரும் இதில் சேர இயலாது என விதிக்கப்பட்டது. முழுநேரக் கல்வி பயில்வோருக்கு இடமில்லை. தொலைநிலைக் கல்வி பயில்வோருக்கு இடமுண்டு. அதாவது, நாம் தொடக்கத்தில் கண்ட மூன்று வாயில்களுள் மூன்றாவதை நோக்கி நிறுவனங்களைத் திருப்பும் திட்டம் இது.

இதன் முதல் சுற்றின் அனுபவம் சிந்திக்கத்தக்கது. நிறுவனங்கள் 1.27 இலட்சத்திற்கும் மேற்பட்ட இடங்களை அறிவித்தன. 82,000க்கும் மேற்பட்ட இளைஞர்க்கு இடம் அளிக்க முன்வந்தன. ஏற்றுக்கொண்டவர் 28,000க்குச் சற்று மேல். இடம் கிடைத்தும் மூவரில் இருவர் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து தொலைவு, நகர வாழ்வின் செலவு, ஓராண்டின் முடிவில் வேலை உண்டா என்ற ஐயம் ஆகியவற்றை ஓர் ஏழைக் குடும்பம் எண்ணிப் பார்ப்பது இயல்பே. எண்ணிக்கையில் இடங்களை அறிவிப்பதோடு உறவு ஏற்பட்டுவிடாது என்பதற்கு இது சான்று. தங்குமிடத்திற்கு உதவி, பயிற்சியின் பொருள் பற்றிய முன்விளக்கம், இறுதியில் கிடைக்கும் வாய்ப்பு பற்றிய நேர்மையான சொல் ஆகிய மூன்றும் உதவித்தொகைக்கு இணையான முக்கியத்துவம் உடையவை.

வேலையின் முதல் ஆண்டு

மாணவர் பட்டதாரியாகி வேலையில் சேர்ந்த பின் வரும் முதல் ஓராண்டு இருவருக்கும் சோதனைக் காலம். பட்டதாரி தாம் கற்ற முறைகளை உடனே செயல்படுத்த விரும்புகிறார். பிரிவுத் தலைவரோ நேற்று வந்தவர் இன்று யோசனை கூறுகிறாரே என எண்ணுகிறார். இவ்வுரசலில் பலர் முதலாண்டிலேயே விலகிவிடுகின்றனர். ஆட்தேர்வுக்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகின்றன.

இதைத் தவிர்க்க, புதியவரைச் சேர்ப்பதற்கு முன்பே அவரை ஏற்கும் பிரிவைத் தயார் செய்ய வேண்டும். முதல் மூன்று மாதங்களில் அவர் காண வேண்டிய பணிகள் எவை, அவருக்கு மேல் இருப்பவர் யார், அவருடைய ஐயங்களைத் தீர்க்க வேறொரு மூத்தவர் யார் என்பவற்றை எழுதி வைத்தல் நலம். வாடிக்கையாளரையும் தொழிலாளரையும் நேரில் காணும் வாய்ப்பை முதல் மாதத்திலேயே அளித்தல் அதனினும் நலம்.

பட்டதாரியும் ஒன்றை உணர வேண்டும். நிர்வாகவியல் பட்டம் ஆணையிடும் உரிமைச் சீட்டு அன்று. கேட்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். இருபது ஆண்டுகள் ஒரே இயந்திரத்தில் பணியாற்றியவர் அறிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை.

சில யோசனைகள்

மேற்கூறியவற்றிலிருந்து, வேலை அளிப்போரும் கல்வி நிலையங்களும் அரசு அலுவலர்களும் கருதத்தக்க சில யோசனைகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. ஒவ்வொரு நிறுவனமும் தான் வழக்கமாகச் செல்லும் கல்வி நிலையங்களோடு, இதுவரை செல்லாத ஒன்றையாவது ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாலைக் கல்லூரி, வார இறுதி வகுப்பு, தொலைநிலைக் கல்வி ஆகியவற்றின் மாணவர்க்கு இதில் முன்னுரிமை தரலாம். அவர்களில் பலர் ஏற்கெனவே கடையிலும் அலுவலகத்திலும் பணியாற்றி அனுபவம் பெற்றவர்கள்.

2. பயிற்சி தொடங்குமுன் வினா, வழிகாட்டி, காலம், உதவித்தொகை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி மாணவருக்கும் கல்லூரிக்கும் அளிக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஒரு மாதத்திற்குள் அவருடைய பரிந்துரைகளில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. வேலை உறுதி அளித்தபின் சேர்க்கை நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தால், இடைக்காலத்திற்கு உதவித்தொகை தருவதோடு, வேறு வேலை தேடும் உரிமையையும் பட்டதாரிக்கு அளிக்க வேண்டும்.

4. நிறுவனத்தின் வெற்றிகளை மட்டுமன்றித் தோல்விகளையும் பாடமாக எழுத ஆசிரியர்க்கு இடம் தர வேண்டும். நட்டத்தில் முடிந்த ஒரு முயற்சியின் வரலாறு மாணவருக்கு விளம்பர உரைகளைவிடப் பெரிதும் பயன்படும்.

5. பொதுத்துறை நிறுவனங்கள், கூட்டுறவுகள், நகராட்சிகள் ஆகியனவும் நிர்வாகவியல் மாணவருக்குப் பயிற்சி அளிக்கலாம். குடிநீர்க் கட்டண வசூல், மருந்துக் கிடங்கு, நியாய விலைக் கடை வழங்கல் போன்றவை எந்தத் தனியார் வினாவுக்கும் குறையாத கடினமான நிர்வாக வினாக்கள்.

6. கல்லூரிகள் தேர்வு நாளில் வந்த நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடாமல், பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், உதவித்தொகை பெற்றோர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின்னும் அதே வேலையில் நீடிப்போர் எத்தனை பேர் என்பவற்றையும் வெளியிட வேண்டும்.

முடிவுரை

ஆட்தேர்வு என்பது உறவின் தொடக்கமும் அன்று, முடிவும் அன்று. இடையில் வரும் ஒரு நாள். அதற்கு முன் பயிற்சியும் பாடமும், அதற்குப் பின் முதலாண்டு வழிகாட்டலும் அமைந்தால்தான் அந்த ஒரு நாளுக்குப் பொருள் உண்டு. எட்டாவிலும் ஆனந்திலும் நிறுவனங்கள் இளைஞரைத் தேடிக் கிராமத்திற்குச் செல்லவில்லை. இளைஞரை அழைத்துக்கொண்டு சென்றன. வடக்கு வளாகத்தின் மூன்றாவது வாயிலுக்குச் செல்வதற்கு அத்தனை தொலைவு பயணம் செய்ய வேண்டியதில்லை. அங்குள்ள மாணவர் ஓக்லாவிலோ நாராயணாவிலோ ஒரு சிறு கூடத்தின் பாக்கிக் கணக்கை இரண்டு மாதத்தில் சீர்ப்படுத்தித் தரும் நாள் வந்தால், வேலை இல்லை என்ற குறையும் ஆள் இல்லை என்ற குறையும் ஒரே இடத்தில் தீரத் தொடங்கும். அதற்கான முதல் அழைப்பு நிறுவனத்திடமிருந்தே வர வேண்டும்.